ஈரக்காற்றில் ஒரு பாலைச்செடி

மழைக்காலக் குவாஹாத்தியில் பூஞ்சை எதையும் விட்டுவைப்பதில்லை. தோல் காலணி, புத்தகத்தின் முதுகு, குடையின் கைப்பிடி என எங்கும் படரும். அத்தகைய ஊரின் விடுதி அறையொன்றில் பாலைநிலச் செடியொன்றைக் காக்கும் பொறுப்பு சென்ற ஆண்டு என்மீது விழுந்தது. செடி என்னுடையதன்று. பக்கத்து அறையில் இருந்த, பிகானேரைச் சேர்ந்த மூத்த ஆய்வாளர் ஒருவருடையது. வேதியியல் துறையினர். ஐந்தாண்டு உதவித்தொகை முடிந்தது, ஆய்வேடு முடியவில்லை. பிப்ரவரி மாதத்தில் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிய பின் தொட்டியை என் கையில் தந்து, “தண்ணீர் ஊற்ற மறந்துவிடு, அது போதும்” என்றார்.

தங்கநிற முட்கள் கொண்ட, ஆரஞ்சுப் பழத்தளவு உருண்டைச் செடி அது. மெக்சிகோவின் கெரெதாரோ, இதால்கோ மாநிலங்களின் பாறைச் சரிவுகள் அதன் தாயகம். 1990களில் ஸிமாபான் அணையின் நீர் அதன் வாழிடத்தில் பெரும்பகுதியை மூழ்கடித்தது. உலகெங்கும் மேசைகளில் மலிந்திருக்கும் இச்செடி, சொந்த நிலத்தில் அருகிவரும் இனம்.

தமிழில் இதனையும் கள்ளி என்றே அழைக்கிறோம். பழந்தமிழ்ப் பாடல்களின் கள்ளி வேறு; அது கீறினால் பால் வடியும் குடும்பம். நம் ஊர் வேலியோரச் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் அதனைச் சேர்ந்தவை. முட்செடிகளாகிய இவையோ அமெரிக்கக் கண்டத்தினின்று பிற்காலத்தில் வந்தவை. கீறினால் பெரும்பாலும் தெளிந்த சாறுதான். வறட்சி இரு குடும்பங்களையும் ஒரே வடிவுக்குக் கொணர்ந்தது. ஒலி ஒத்த இரு சொற்களை உறவுச்சொற்கள் என்று கொள்ளாதே என்பது ஒப்பியல் மொழியியலின் முதல் பாடம். தேர்வில் அதனை நன்றாகவே எழுதியிருக்கிறேன். ஆயினும், எங்கள் ஊர் வேலிக்கள்ளி ஐப்பசி மழையில் நின்றும் அழுகியதில்லை, ஆகவே இதற்கும் ஒன்றும் ஆகாது என்று எண்ணினேன். ஜூன் இறுதியில் செடி சற்றே சுருங்கியது போலத் தோன்ற, ஒரேயொருமுறை அரைக்குவளை நீர் ஊற்றினேன்.

ஆகஸ்டில் அடிப்பகுதி பழுப்பேறியது. ஏழு வாரங்கள் கழிந்தும், தொட்டியில் செருகிய குச்சி ஈரமண்ணோடு வெளிவந்தது. இடையில் இருமுறை அவர் தொலைபேசியில் கேட்டபோது, “நன்றாக இருக்கிறது, பையா” என்றே சொல்லியிருந்தேன். (இந்தியில் அண்ணனுக்கான விளி, தமிழ்க் காதுக்கு ஏறத்தாழ நேர்மாறு.)

உண்மையைச் சொல்லாமல் சமாளிக்கவே முதலில் முயன்றேன். ஒலிப்பதிவுக் கருவியின் பெட்டியிலிருந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நான்கினை எடுத்துத் தொட்டியைச் சுற்றி வைத்தேன். மலிவான ஈரப்பதமானி ஒன்று வாங்கினேன். அது 78 காட்டியது. ஒரு வாரம் கழித்தும் 78. வேறு வழியின்றி அவரை அழைத்தேன்.

அவர் கடிந்துகொள்ளவில்லை. “மானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்தாயா?” என்றார். புட்டிமூடியில் சமையல் உப்பினை இட்டு, கரைந்துவிடாமல் குழையும் அளவுக்கு மட்டும் சில துளி நீர் விட்டு, மானியோடு ஒரு காற்றுப்புகாப் பெட்டியில் ஓரிரவு மூடிவைக்கச் சொன்னார். நிறைவுற்ற உப்புக் கரைசலின் மேல் நிற்கும் காற்று 75 விழுக்காட்டில் நிலைகொள்ளும். என் மானி 69 காட்டியது. ஆக அறையின் உண்மை அளவு 84.

அடுத்து ஒரு கணக்குப் போடவைத்தார். 27 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 26 கிராம் நீராவியைத் தாங்கும். என் அறை 34 கன மீட்டர். 84 விழுக்காட்டில் அக்காற்றிலுள்ள நீர் முக்கால் கிலோ. அதனை 60க்கு இறக்க இருநூறு கிராமுக்கு மேல் உறிஞ்சவேண்டும். சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு உறிஞ்சும் என்று கொண்டாலும் அரைக்கிலோவுக்கு மேல் வேண்டும்; கதவைத் திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து. நான் வைத்திருந்ததோ இருபது கிராம்.

“அறையில் துணி காயப்போடுகிறாயா?” என்று கேட்டார். மழைக்காலத்தில் வேறெங்கே காயப்போடுவது? பயணப்பெட்டியை நிறுக்கும் தொங்கு தராசில் ஒருமுறை துவைத்த துணிகளை நனைந்தபோதும் உலர்ந்தபின்னும் நிறுத்தேன். வேறுபாடு 1.2 கிலோ. அறைக் காற்றிலிருந்த நீர் முழுவதைக் காட்டிலும் அதிகமான நீரைத் துணிக்கொடியிலிருந்து நானே காற்றில் கலந்துகொண்டிருந்தேன்.

செடியைக் கொல்வது நேரடியாகக் காற்றின் ஈரம் அன்று. இவ்வகைச் செடிகள் பகலில் இலைத்துளைகளை (இலையே இல்லையென்றாலும் பெயர் அதுதான்) மூடிவைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன. என் அறையிலோ கொசுவுக்கு அஞ்சிச் சாளரம் மூடிய இரவில்தான் ஈரம் உச்சத்தில் இருக்கும். செடியும் நீரை வெளியேற்றாது, மண்ணும் உலராது. நெகிழித் தொட்டி, நர்சரியில் நிரப்பிய தென்னைநார்த் துகள், அசையாத காற்று ஆகிய மூன்றும் சேர்ந்து வேரை மூச்சுத்திணற வைத்தன.

செடியைப் பிடுங்கிப் பார்த்தோம். ‘பார்த்தோம்’ என்கிறேன், ஏனெனில் அவர் காணொளியில் இருந்தார். வேர்களில் பாதி கூழாகியிருந்தது. தண்டு தப்பியிருந்தது. அழுகியதை வெட்டி, பதினாறு நாள்கள் மேசை விசிறியின் முன் வெறும் தாளில் கிடத்தினேன். பின்னர் மெருகிடாத மண்தொட்டி. பருமணலும் செங்கல் நொறுங்கலும் மிகுந்த கலவை. விசிறி ஈரப்பதத்தைக் குறைப்பதில்லை. மண்ணையொட்டித் தேங்கும் ஈரக்காற்றை விலக்கும், அவ்வளவே. துணிகள் மாடிப்படிக்குக் கீழே சென்றன. விடுதிக் காப்பாளர் இருமுறை எச்சரித்தார். மூன்றாம் முறை அவருடைய துண்டும் அங்கே தொங்கியது.

இடர் ஒன்று மீந்தது. நான் போடோ மொழியின் தொனிகளை ஆராய்பவன். பேச்சாளர்கள் அறைக்கு வரும்போது விசிறியை நிறுத்தியாக வேண்டும். நாற்பது நிமிடம் அசையாத காற்று. அந்நேரமெல்லாம் என் கண் பேச்சாளரிடமும் மானியிடமும் மாறிமாறிச் செல்கிறது.

அந்த உப்புச் சோதனைக்கு முன்பு, ஊர் திரும்பிய அவர் வேதியியலைக் குறித்துப் பேசி நான் கேட்டதே இல்லை. கேட்டால் கடையைப் பற்றியும் தந்தையின் கண் அறுவையைப் பற்றியும் சொல்வார். இப்போது இரவுதோறும் மானியின் அளவை அனுப்புகிறேன். கூட்டவேண்டிய ஆறினைக் கூட்ட நான் மறந்தால் திருத்துகிறார். சென்ற வாரம் ஒரு ஒளிப்படம் வந்தது: பிரிக்கப்பட்ட அட்டைப்பெட்டி, மேலாகத் தூசி படிந்த ஆய்வகக் குறிப்பேடு, அருகில் என்னுடையதைப் போன்றே ஒரு மானி. “இங்கே 41” என்று மட்டும் எழுதியிருந்தார். நெறியாளருக்கு எழுதினாரா என்று நான் கேட்கவில்லை.

இன்றிரவு மானி 67 காட்டுகிறது. ஆக 73. செடியின் உச்சியில் புதிய முட்கள் நான்கு, இன்னும் மஞ்சள் தெளியாத நிறத்தில்.