சூரியன் முந்தும் 41 நிமிடம்

நவம்பர் கடைசியில் போர்ட் பிளேரில் (2024ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, நாக்குக்கு இன்னும் பழகவில்லை) மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாங்கள் இருப்பதோ ஏறக்குறைய 92.7 டிகிரியில். டிகிரிக்கு நான்கு நிமிடம் என்றால், இங்கே சூரியன் 41 நிமிடம் முந்தி நடக்கிறது. வீட்டில் இயற்பியல் டியூஷன் எடுக்கும் எனக்கு இது வெறும் கணக்கல்ல. வகுப்பு ஆறரைக்கு முடியும்போது கும்மிருட்டு. நவம்பர் வந்தால் சில பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்புவதில்லை. விளக்கு எரிவதும் பெரும்பாலும் கப்பலில் வரும் டீசலில்தான்.

"இந்த நேரத்தை யார் சார் சொல்றது?" என்று கேட்டாள் பிளஸ் டூ மாணவி ஒருத்தி.

தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே வினாடிக்கு அளவுகோல் சீசியம் அணு. அதன் கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிர்ந்தால் ஒரு வினாடி. சிக்கல் என்னவென்றால், அறை வெப்பத்தில் இந்த அணுக்கள் வினாடிக்கு 200 மீட்டருக்கு மேல் பறக்கின்றன. ஓடுகிறவனுக்கு நாடி பார்ப்பது எப்படி?

லேசரால் நிறுத்துகிறார்கள். வெளிச்சம் சூடாக்கும் என்றுதானே படித்தோம்? இங்கே குளிர்விக்கிறது. அலையை எதிர்த்துப் போகும் படகில் அலைகள் அடிக்கடி மோதும், அலையோடு போனால் குறைவு. தீவுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. லேசரின் அதிர்வெண்ணை, அணு ஏற்பதைவிட மயிரிழை குறைவாக வைக்கிறார்கள். எதிர்த்து வரும் அணுவுக்கு அந்தக் குறை ஈடாகிவிடும். ஒளியை ஏற்கும், கொஞ்சம் வேகம் இழக்கும். ஆறு திசையிலும் கதிர் இருந்தால் எந்தப் பக்கம் ஓடினாலும் அடி. கடைசியில் வேகம் வினாடிக்குச் சில சென்டிமீட்டர். இந்த வித்தைக்காக ஸ்டீவன் சூ, கோஹன்-தனூஜி, வில்லியம் பிலிப்ஸ் மூவரும் 1997ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

மயிரிழை என்றது சும்மா அல்ல. அந்த ஒளி வினாடிக்குச் சுமார் 352 லட்சம் கோடி முறை அதிர்கிறது. அணு ஏற்கும் அகலமோ அதில் 50 லட்சத்துக்குச் சற்று மேல். சிடி பிளேயரில் இருந்ததைப் போன்ற குறைக்கடத்தி லேசர் அதைவிட அதிகமாகவே அலைபாயும். அதனால் வெளியே ஒரு கீற்றணியை வைத்து, வேண்டிய நிறத்தை மட்டும் லேசருக்குள் திருப்பி அனுப்பி அடக்குகிறார்கள். இப்படிக் குளிர்ந்த அணுக்களை நீரூற்றுபோல மேலே எறிந்து எண்ணும் கடிகாரம், பல லட்சம் ஆண்டுகளில் ஒரு வினாடிகூடத் தவறாது.

"அப்புறம் நமக்கு மட்டும் 41 நிமிஷம் தப்பா இருக்கே?"

நியாயமான கேள்வி. வினாடியை அளப்பது அணு. மணியை வைப்பது அரசாங்கம். அதே ஆய்வக விஞ்ஞானிகள்தான் 2018ல் 'கரண்ட் சயன்ஸ்' இதழில், வடகிழக்குக்கும் அந்தமான் நிகோபாருக்கும் ஒரு மணி நேரம் முந்திய தனி நேரம் வேண்டும் என்று எழுதினார்கள். அரசு ஏற்கவில்லை. ஏற்க வேண்டும் என்பது என் கட்சி.

"ரெண்டு நேரம் வந்தா, கப்பல்ல சென்னைக்குப் போறப்ப கடிகாரத்த எங்க சார் மாத்துறது?" என்றாள்.

மூன்று நாள் பயணம். எங்கே வேண்டுமானாலும் மாற்றிக்கொள் என்றேன்.