தோட்டத்துக்கும் மலைக்கும் ஒரு மூங்கில் தடி

மாசி பிறந்துவிட்டால் கோயம்புத்தூருக்கு மேற்கே, பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடிகள் கட்டுக்கட்டாக வந்து சாய்ந்துகொள்ளும். வெள்ளியங்கிரி ஏழு மலை ஏற வருபவர்கள் கோயிலில் கும்பிட்டுவிட்டு, முதல் வேலையாக ஒரு தடியை எடுத்து நிலத்தில் ஊன்றிப் பார்ப்பார்கள். பிப்ரவரியிலிருந்து மே வரைதான் வனத்துறை மலையேற அனுமதிக்கிறது. ஒரு வழிக்குச் சுமார் 6 கிலோமீட்டர். கல்படிகள், வழுக்குப்பாறை, கைதட்டிச் சுனை, பாம்பாட்டிச் சுனை என்று கடந்து போகிற அந்தப் பாதையில் தடி இல்லாத கையைப் பார்ப்பது அபூர்வம். 20 வயதுப் பையனும் ஊன்றுகிறான், 65 வயதுப் பெரியவரும் ஊன்றுகிறார். அங்கே தடி பிடிப்பதில் யாருக்கும் கூச்சமில்லை.

அதே பெரியவர் மலையிறங்கி வீட்டுக்கு வந்ததும், தடியைச் சாமி அறை மூலையில் சாத்திவிடுகிறார். மறுநாள் விடியுமுன் வெறுங்கையோடு வாழைத் தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போகிறார். வழுக்குகிற வரப்பு, பாசி பிடித்த தொட்டி மேடு, கால் வைத்தால் சரிகிற வாய்க்கால் கரை. அங்கேதான் தடி வேண்டும். ஆனால் அங்கே பிடிக்க மனசு வருவதில்லை.

பல வீடுகளில் பேச்சு இப்படித்தான் போகும்.

"மாமா, ராத்திரி மழை பேஞ்சிருக்குதுங்க. அந்த மலைத் தடிய எடுத்துட்டுப் போங்க."

"போ அம்மிணி. அத ஊனிக்கிட்டுப் போனா, கெழவனுக்குக் காலு போயிருச்சுன்னு ஊரே பேசும்."

ஊர் பேசும் என்ற ஒரு சொல்லுக்காக எத்தனையோ குடும்பங்கள் பெரிய விலை கொடுத்திருக்கின்றன. 60 வயதைத் தாண்டியவர் வரப்பில் சறுக்கி விழுந்தால், இளவட்டத்தைப் போலத் தட்டிவிட்டு எழுந்து வர முடியாது. இடுப்பை ஒட்டிய தொடை எலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை. 2 ஏக்கர், 3 ஏக்கர் வைத்திருக்கும் வீட்டில் ஒருவர் படுத்தால், பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேலையை விட வேண்டும். கறவை மாட்டைப் பார்க்க ஆளில்லாமல் விற்றுவிடுவதும் உண்டு. இத்தனையையும் தடுக்கிற பொருள் பல தோட்டங்களின் ஓரத்திலேயே வளர்ந்து நிற்கிறது.

எந்த மரம்?

கொங்கு நாட்டில் ஆடு மேய்ப்பவர்கள் விடத்தலைக் கம்பை விரும்புவார்கள். வைரம் பாய்ந்தது, எளிதில் உளுக்காது. ஆனால் நேராகக் கிடைப்பது கடினம், கனமும் அதிகம். நாள் முழுக்கக் கையில் வைத்திருக்க மூங்கில்தான் தோது.

மூங்கிலிலும் இரண்டு ரகத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாய்க்கால், ஓடைக்கரைகளில் புதராக வளரும் முள்மூங்கில் பருமனாக வளரும், உள்ளே பொந்து பெரிது. ஏணிக்கும் பந்தலுக்கும் அது நல்லது. தடிக்கு ஏற்றது கல்மூங்கில். வறண்ட இடத்தில் வளரும்போது உள்ளே பொந்தே இல்லாத அளவுக்குச் சுவர் தடித்திருக்கும். காவலர்களின் லத்திக்கும் இதைத்தான் பயன்படுத்தி வந்தார்கள்.

காட்டுக்குள் போய் வெட்டக் கூடாது. அது குற்றம். தோட்டத்தில் ஒரு புதர் வைத்தால் நாலைந்து வருடத்தில் வெட்டத் தொடங்கலாம். தொண்டாமுத்தூர், நரசீபுரம் போல மலையை ஒட்டிய ஊர்க்காரர்கள் மட்டும் யோசித்து வைக்க வேண்டும். மூங்கில் யானைக்குப் பிடித்த தீனி.

வெட்டுகிற பக்குவம்

ஒரு வருடக் கழியில் பளபளப்பும் வெள்ளைப் பொடியும் இருக்கும், கணுவில் பாளை ஒட்டியிருக்கும். அதை வெட்டினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். 3 வருடம் தாண்டிய கழியில் பளபளப்பு போய், சாம்பல் நிறத் திட்டுகள் படிந்திருக்கும். அரிவாளின் பின்புறத்தால் தட்டினால் கணீரென்று கேட்கும். இப்படி முற்றிய கழி புதரின் உள்பக்கம்தான் இருக்கும். வெளிப்பக்கத்துக் குருத்துகளை விட்டுவிட்டு உள்ளேயிருப்பதை எடுத்தால் புதரும் செழிக்கும்.

மழைக்காலம் முடிந்து, மார்கழி, தை மாதங்களில் வெட்டுவது நல்லது. குருத்து விடும் பருவத்தில் வெட்டினால் புதர் பாதிக்கும். அப்போது கழியில் மாவுச்சத்தும் ஈரமும் வேறு அதிகம். அந்த மாவைத் தின்னத்தான் உளு வண்டு வருகிறது. 'தேய்பிறையில் வெட்டு' என்று பெரியவர்கள் சொல்வதும் உளுவுக்குப் பயந்துதான். தரையிலிருந்து முதல் அல்லது இரண்டாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். பொந்து விட்டு வெட்டினால் அடிக்கட்டையில் தண்ணீர் தேங்கி அழுகும்.

வெட்டிய கழியை 15 நாள் தண்ணீரில் முழுக அமுக்கி வைக்கலாம். ஓடுகிற தண்ணீரானால் இன்னும் நல்லது. மாவுச்சத்து கரைந்து போய்விடும், நாற்றம் வந்தால் பயப்பட வேண்டியதில்லை. கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால், 10 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் போரிக் ஆசிட், 300 கிராம் வெண்காரம் கரைத்து ஒரு வாரம் ஊற வைக்கலாம். அந்தக் கரைசலைக் குழந்தைகளும் ஆடு மாடுகளும் நெருங்காதபடி மூடி வைக்க வேண்டும். பிறகு நிழலில் நிமிர்த்திச் சாத்தி 6 முதல் 8 வாரம் காயவிட வேண்டும். வெயிலில் போட்டால் நீளவாக்கில் கீறல் விடும்.

வளைவிருந்தால் நிமிர்த்துவது எளிது. வளைந்த இடத்தை அனலில் மெதுவாகத் திருப்பித் திருப்பிக் காட்டினால் மேல்தோலில் எண்ணெய் போல மினுங்கும். அப்போது மரக்கவையில் கொடுத்து நெம்பி, ஈரத்துணியால் துடைத்துக் குளிரும்வரை பிடித்தால் அப்படியே நின்றுவிடும். கரியும்படி சுட்டால் அந்த இடத்தில் ஒடியும்.

அளவு ஆளுக்கு ஆள்

தடி வாங்குவதில் பலர் கோட்டை விடுவது அளவில்தான். கை முழுதாக வளைத்துப் பிடித்தால் கட்டைவிரலும் நடுவிரலும் கிட்டத்தட்டத் தொட வேண்டும். அதுதான் சரியான பருமன். ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் வரும்.

மலைக்கும் தோட்டத்துக்கும் என்றால் உயரம் தோள் வரை இருக்கலாம். ஏறும்போது கீழே பிடித்துக்கொள்ளலாம். இறங்கும்போதுதான் நீளத்தின் அருமை தெரியும். தடியைக் கீழ்ப்படியில் முதலில் ஊன்றி, எடையில் கொஞ்சத்தை அதற்குக் கொடுத்துவிட்டு, பிறகு காலை வைத்தால் முழங்கால் தப்பும். மலையேறியவர்கள் எல்லோரும் சொல்வது, ஏற்றத்தைவிட இறக்கம்தான் காலை வாங்கும் என்பது.

முழங்கால் வலிக்காக வீட்டைச் சுற்றி நடக்கும் ஊன்றுகோலுக்குக் கணக்கு வேறு. செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அந்த உயரம். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது கால் வலித்தால் இடது கையில் தடி. வலிக்கிற பக்கமே பிடிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது, அதில் பயன் குறைவு. படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில்.

அடியும் முடியும்

வேர்ப்பக்கம் கணுக்கள் நெருக்கமாக, கட்டியாக இருக்கும். அதை அடியாக வைத்து, கணுவை ஒட்டி அறுத்தால் முனை பிளக்காது. மண்வழிக்கு இரும்புப் பூண் போடலாம், ஆனால் பாறையிலும் சிமென்ட் தரையிலும் அது வழுக்கும். பழைய டயர்த் துண்டை வட்டமாக வெட்டி அடியில் வைத்து, சுற்றிலும் டியூப் பட்டையை இழுத்துக் கட்டினால் இரண்டுக்கும் ஆகும். தேய்ந்ததும் மாற்றிவிடலாம்.

பிடிக்கிற இடத்தில் தேங்காய்நார்க் கயிற்றையோ நூல் கயிற்றையோ ஒரு சாண் அளவுக்கு நெருக்கிச் சுற்றினால் வேர்வையிலும் கை நழுவாது. மணிக்கட்டுக்கு ஒரு கயிற்று வளையம் இருந்தால், வாய்க்கால் மடை திருப்பும்போது தடியைக் கீழே போடாமல் தொங்கவிடலாம்.

இன்னொரு வேலையும் செய்யலாம். அடியிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் கத்தியால் லேசாகச் சுற்றுக்கோடு போட்டுவிட்டால், தடியே அளவுகோல் ஆகிவிடும். 6 அடி இடைவெளியில் வாழைக்குக் குழி எடுக்க, 25 அடி இடைவெளியில் தென்னைக்கு முளை அடிக்க, தொட்டியில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்க்க டேப் தேட வேண்டாம். அளவுகோலைக் கையில் வைத்திருப்பவரை யாரும் கிழவர் என்று சொல்லப் போவதில்லை.

கடைசியாக வேப்பெண்ணெயைத் துணியில் தொட்டு இரண்டு, மூன்று முறை பூசிக் காயவிட்டால் போதும். வருடம் ஒரு முறை திரும்பப் பூசலாம். புதுத் தடியோ, கடையில் வாங்கியதோ, நம்பிப் போகுமுன் வீட்டு வாசலிலேயே முழு எடையையும் சாய்த்துப் பார்க்க வேண்டும். கல் தரையில் தட்டினால் கணீரென்று கேட்காமல் சொத்தென்று கேட்டால் உள்ளே கீறல் இருக்கிறது.

தடி செய்வதும் செய்யாததும்

மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும்போது தண்ணி கட்டப் போகிறவருக்குத் தடி பெரிய துணை. முன்னால் புல்லை விலக்கி, தரையைத் தட்டிக்கொண்டு போனால் பல பாம்புகள் அதிர்வு உணர்ந்து விலகும். ஆனால் கண்ணாடி விரியன் விலகாமல் சுருண்டு கிடக்கும். அதனால் டார்ச்சும் முழங்கால் வரை பூட்ஸும் தடியோடு சேர்ந்தே போக வேண்டும். கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் உடனே விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மலைக்கும் அப்படித்தான். தடி காலைக் காக்கும், நெஞ்சைக் காக்காது. 2024-ம் ஆண்டு சீசனில் வெள்ளியங்கிரி ஏறிய பக்தர்கள் சிலர் பாதையிலேயே உயிரிழந்தார்கள். இதய நோய், மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்வதைக் கேட்பது நல்லது. சாமி அடிவாரத்திலும் இருக்கிறார்.

இறங்கி வந்தவர்கள் தடியைப் பாதையோரம் வீசிவிட்டுப் போகாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தால், அடுத்த வருடம் இன்னொரு கழி வெட்ட வேண்டியதில்லை. சாமி அறை மூலையில் அது 8 மாதம் சும்மா நிற்கவும் வேண்டியதில்லை. மலையில் ஊன்றிய தடியை வரப்பில் ஊன்றினால் அதன் புனிதம் குறைந்துவிடாது. பெரியவருக்கு அதை எடுக்கக் கூச்சமென்றால், முதலில் மகனும் பேரனும் தோட்டத்துக்குத் தடி கொண்டு போகட்டும். வீட்டில் எல்லோர் கையிலும் இருந்தால், அது வயசின் அடையாளமாக யாருக்கும் தோன்றாது.

தையில் வெட்டி ஊறப்போட்ட கழி, பங்குனி கடைசியில் கைக்கு வந்துவிடும். ஒன்றுக்கு மூன்றாக வெட்டி வைப்பது நல்லது. காய்கிறபோது ஒன்று கீறல் விடும், ஒன்றைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்பார்.