வெந்நீர் ஊற்றைப் பார்த்த பிறகு போரை ஆழப்படுத்தவில்லை

மலையடிவாரத்துக்காரர்களான எங்களுக்கு ஊற்றுத் தண்ணீர் என்றால் குளிர்ச்சிதான். செண்பகத்தோப்பு ஓடையில் சித்திரை வெயிலில் கால் வைத்தாலும் ஜில்லென்று இருக்கும். கொதிக்கிற ஊற்றை நான் முதன்முதலில் பார்த்தது இமாச்சலப் பிரதேசத்தில், மணிகரண் என்ற ஊரில்.

மடவார் வளாகத்திலிருந்து கோயில் யாத்திரை கிளம்பிய எங்கள் குழு, குலு பக்கம் போனபோது அங்கேயும் இறங்கியது. பார்வதி ஆற்றங்கரையில், தேவதாரு மரங்கள் அடர்ந்த மலைப் பள்ளத்தாக்கு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,760 மீட்டர் உயரம். பனி உருகி ஓடும் ஆற்றில் விரல் வைத்தால் மரத்துப் போகிறது. அதே கரையில் பாறை இடுக்கிலிருந்து ஆவி பறக்கத் தண்ணீர் கொப்பளிக்கிறது. சூடு 90 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அரிசியைத் துணியில் முடிந்து கயிறு கட்டி இறக்கினால் சோறாகி வருகிறது. அங்குள்ள குருத்வாராவில் அன்னதானச் சமையலுக்கும் இந்த ஊற்று உதவுகிறது. குளிக்கும் தொட்டியில் பச்சைத் தண்ணீர் கலந்து விடுகிறார்கள். பயண அலுப்பெல்லாம் அதில் தீர்ந்தது.

“கீழே எரிமலை இருக்குமோ?” என்று என் மனைவி கேட்டாள். எங்களோடு வந்த ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் சொன்னார்: “எரிமலை இல்லம்மா. மழைத் தண்ணியும் பனித் தண்ணியும் பாறை வெடிப்பு வழியா ரொம்ப ஆழத்துக்கு இறங்குது. பூமிக்குள்ள ஒரு கிலோமீட்டர் போனா பொதுவா 25, 30 டிகிரி சூடு கூடும். இந்த மாதிரி இடத்துல இன்னும் அதிகம். அந்தச் சூட்டை வாங்கிக்கிட்டு வேற வெடிப்பு வழியா மேல வருது. இன்னைக்கு வர்ற தண்ணி எந்தத் தலைமுறையில பெய்ஞ்ச மழையோ!”

அந்தக் கடைசி வார்த்தை எனக்குத் தைத்தது. ஊரில் தம்பி, 600 அடி போரை 1,000 அடிக்கு இறக்க வேண்டும் என்று நின்றான். வீட்டு நகையை அடகு வைத்தால்தான் முடியும். எங்கள் போர் தண்ணீர் மார்கழி விடியலில் வெதுவெதுப்பாக வரும். அதில் அதிசயமில்லை, காற்று குளிர்ந்திருப்பதால் அப்படித் தெரியும். ஆனால் சித்திரையிலும், அரைமணி நேரம் மோட்டார் ஓடிய பிறகும், பழைய கிணற்றுத் தண்ணீரைவிடச் சூடாகவே வருகிறது. வாத்தியார் கணக்குப்படி 1,000 அடி ஆழத்தில் ஏறக்குறைய 8 டிகிரி கூடும். ஆக, சூடு ஏற ஏற, ஆழத்துத் தண்ணீரைத் தொடுகிறோம் என்று அர்த்தம். நம் கடினப்பாறைப் பகுதியில் ஆழம் போகப் போக வெடிப்புகள் குறையும். இந்த வருஷ மழை அங்கே சட்டென்று போய்ச் சேராது. பாறையில் நெடுநாள் கிடந்த தண்ணீரில் உப்பும் கூடும்.

ஊர் திரும்பியதும் தம்பியிடம் சொன்னேன். “அண்ணே, பக்கத்துத் தோட்டத்துல 1,100 அடியில தண்ணி வந்திருக்கே?” என்றான். “வந்திருக்குப்பா. எத்தனை வருஷத்துக்கு?” என்றேன். சண்டை வேண்டாம், சோதித்துப் பார்ப்போம் என்று, இரண்டு பாட்டிலில் போர் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தோம். போர் தண்ணீரில் உப்புத்தன்மை தெளிவாகக் கூடுதல். சொட்டுநீர்க் குழாயில் வெள்ளை வெள்ளையாக அடைப்பதற்கும் காரணம் புரிந்தது.

நகை வீட்டிலேயே இருக்கிறது. கையிலிருந்த பணத்தில் கிணற்றைத் தூர் வாரினோம். ஓடைத் தண்ணீர் தோட்டத்துக்குள் நுழையும் இடத்தில் பண்ணைக்குட்டை வெட்டினோம். தென்னைக்குப் பாத்தி முழுக்க மூடாக்குப் போட்டோம். நெல்லை இரண்டு வருஷத்துக்கு நிறுத்தி உளுந்துக்கு மாறினோம். வருமானம் குறையத்தான் செய்யும். தம்பிக்கு இன்னும் அரை மனசுதான். இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறான். அது நியாயம்தான்.

போரை ஆழப்படுத்த நினைக்கும் விவசாயிகள், முதலில் தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அளந்து பாருங்கள். சாதாரண வெப்பமானியே போதும். மோட்டார் அரைமணி நேரம் ஓடிய பிறகு அளக்க வேண்டும். உங்கள் ஊரில் எத்தனை அடி ஆழத்தில் எத்தனை டிகிரி வருகிறது என்று நம் இதழுக்கு எழுதினால், எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.