மும்பை நடைபாதையில் வாட்டிய ரொட்டி

ஓர் ஊரை அறிய விரும்புவோர், அவ்வூர் மக்கள் நின்றுகொண்டே உண்ணும் சிற்றுண்டியை உண்டு பார்த்தல் வேண்டும். வீட்டு விருந்து வருபவரின் தகுதிக்கேற்ப மாறும். தெருமுனைச் சிற்றுண்டியோ எவர் வந்து நின்றாலும் ஒரே வகையாகத்தான் கிடைக்கும். மும்பை மாநகரின் சிற்றுண்டிகளுள் வடா பாவ் நம்மவர் பலரும் கேள்வியுற்றதே. அதற்கு எவ்வகையிலும் குறையாத புகழுடன் அந்நகரின் நடைபாதைகளில் விளங்குவது, காய்கறிகளை அடுக்கி, பாலாடைக்கட்டியைத் துருவிப்போட்டு, நெருப்பில் வாட்டித் தரப்படும் சாண்ட்விச். ‘சீஸ் டோஸ்ட்’ என்று கேட்டால் போதும், கடைக்காரர் வேலையைத் தொடங்கிவிடுவார்.

அமெரிக்க நாட்டு இல்லங்களில் இச்சிற்றுண்டி மிக எளியது. இரண்டு துண்டு ரொட்டி, நடுவே பாலாடைக்கட்டி, புறத்தே சிறிது வெண்ணெய், அவ்வளவே. பக்கத்தில் ஒரு கிண்ணம் தக்காளி சூப் இருந்தால் குழந்தைகள் மனநிறைவுடன் உண்பர். மும்பைக்கு வந்த பின்னரோ அது புத்தாடை புனைந்து, இந்நாட்டுப் பிள்ளையாகவே மாறிவிட்டது. அம்மாற்றத்தின் கதை நாவின் சுவையோடு நிற்பதன்று. உழைப்பவனுக்கு உரிய விலை கிடைத்த கதையும் அதனுள் அடங்கியுள்ளது.

நடைபாதை அடுப்பு

சர்ச்கேட் இரயில் நிலையத்திலிருந்து வெளிவந்து, அலுவலகங்களை நோக்கி விரையும் மக்கள் வெள்ளத்தோடு சிறிது தூரம் நடந்தால் இத்தகைய கடையொன்றைக் காணலாம். கடை என்று சொல்வதும் மிகையே. இடுப்பளவு உயரமுள்ள ஒரு மேசை. அதன்மேல் ரொட்டிப் பொதிகள். வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம், அவித்த உருளைக்கிழங்கு, அவித்த பீட்ரூட் ஆகியவை வட்டம் வட்டமாகச் சீவி வைக்கப்பட்டிருக்கும். ஒரு பாத்திரத்தில் கொத்துமல்லியும் பச்சை மிளகாயும் சேர்த்தரைத்த பச்சைத் துவையல். மற்றொன்றில் வெண்ணெய். பக்கத்தில் அடுப்பு, சிலரிடம் கரி அடுப்பு, சிலரிடம் எரிவாயு அடுப்பு.

கடைக்காரர் இரு துண்டுகளிலும் வெண்ணெயையும் துவையலையும் தடவுகிறார். காய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்புகிறார். சீரகம், கறுப்பு உப்பு, மாங்காய்ப் பொடி முதலியன கலந்த மசாலாவைத் தூவுகிறார். பின்னர் பாலாடைக்கட்டிப் பாளத்தை எடுத்துத் துருவத் தொடங்குகிறார். வெண்மஞ்சள் நிறத் துருவல் குவிந்துகொண்டே போகும். மற்றொரு துண்டால் அதனை மூடி, இரண்டு உலோகத் தகடுகளைக் கீலால் இணைத்து நீண்ட கைப்பிடி பொருத்திய கருவிக்குள் வைத்து இறுக்கி, நெருப்பின்மேல் திருப்பித் திருப்பிப் பிடிக்கிறார். சில நிமிடங்களில் கருவி திறக்கிறது. பொன்னிறமாகச் சிவந்த ரொட்டியைச் சிறு துண்டுகளாக வெட்டி, தக்காளிச் சாற்றுடன் காகிதத் தட்டில் வைத்து நீட்டுகிறார். கடித்தால் மேலே மொறுமொறுப்பு, உள்ளே உருகிய கட்டியின் குழைவு, நடுவே துவையலின் காரம், பீட்ரூட்டின் இனிப்பு. அமெரிக்கரின் எளிய ரொட்டி இங்கே பல சுவைகளின் கூட்டாகிவிட்டது.

அம்மேசையைச் சுற்றி நிற்பவர்களைச் சற்றே நோக்குவோம். கறுப்பு அங்கியை மடித்துக் கையில் போட்டிருக்கும் வழக்கறிஞர், அவசரமாகத் தின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் பொட்டலம் கொண்டு ஓடவேண்டிய இளைஞர், கல்லூரி மாணவியர் மூவர். சமணர் ஒருவர் வந்து, வெங்காயமும் கிழங்கும் வேண்டாம் என்கிறார். மண்ணுக்கடியில் விளைவனவற்றை அவர்கள் விலக்குவது வழக்கம். உருளைக்கிழங்குக்குப் பதிலாக அவித்த வாழைக்காயை வைத்துத் தரும் கடைகள் பல உண்டு. இறைச்சி கலவாத உணவாதலால் இசுலாமியரும் ஐயமின்றி உண்கின்றனர். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் காக்கும் நம்மவர்க்கும் இது ஏற்றதே. 1992, 1993-ஆம் ஆண்டுகளின் கலவரங்களில் அண்டை வீட்டாரே ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்த கொடுமையை அந்நகரம் கண்டது. அத்தகைய நகரில், ஒரே கருவியில் வாட்டிய ரொட்டியை யாவரும் தோளோடு தோள் உரச நின்று உண்பது சிறிய செய்தியன்று.

ரொட்டி வந்த வழி

இனி, இச்சாண்ட்விச்சின் இரண்டு உயிர்நாடிகளான ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எங்கிருந்து வந்தன என்பதைக் காண்போம்.

புளிக்கவைத்துச் சுட்ட கோதுமை ரொட்டியை மேலைக் கடற்கரை மக்களுக்குப் பழக்கியவர்கள் போர்த்துக்கீசியர். மும்பையில் இன்றும் வழங்கும் ‘பாவ்’ என்னும் சொல் அவர்களுடைய மொழியில் ரொட்டியைக் குறிக்கும் சொல்லே. புளிப்பு மாவு எளிதிற் கிடைக்காத கோவாவில், தென்னங்கள்ளை விட்டு மாவைப் புளிக்கவைக்கும் வழியைக் கண்டனர். ரொட்டி சுடும் தொழிலில் தேர்ந்த கோவாக் கத்தோலிக்கர் பலர் பின்னர் மும்பைக்குக் குடிபெயர்ந்து, அங்கும் அடுப்பு மூட்டினர். ஈரான் நாட்டிலிருந்து வந்தவர்களும் தேநீர்க் கடைகளும் ரொட்டிக் கடைகளும் தொடங்கினர். 1904-இல் தொடங்கப்பட்ட கயானி கடை அவற்றுள் ஒன்று.

சாண்ட்விச்சுக்கு வேண்டிய சதுர ரொட்டி வேறு வகை. முழு ரொட்டியை ஒரே கனத்தில் துண்டு போடும் இயந்திரத்தை ஓட்டோ ரோவெடர் என்னும் அமெரிக்கர் உருவாக்கினார். 1928-இல் மிசௌரி மாநிலத்துச் சில்லிகோத்தி என்னும் சிற்றூரில் அவ்வாறு துண்டாக்கிய ரொட்டி முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 1965-இல் மைய அரசு நிறுவிய மாடர்ன் ரொட்டி நிறுவனம் இதனை நடுத்தரக் குடும்பங்களின் வீட்டுக்குள் கொண்டுவந்தது. சென்னை வாசகர்கள் பலர், காய்ச்சல் வந்த நாளில் தாய் வாங்கிவந்த அந்த ரொட்டியை மறந்திருக்க மாட்டார்கள்.

எருமைப் பாலும் ஏழை உழவரும்

பாலாடைக்கட்டியின் கதையே இதனினும் பெரிது. பாலைத் திரைத்து, நீரை வடித்து, உப்பிட்டு, மாதக்கணக்கில் முதிரவிடுவது பழைய முறை. அவ்வாறு நன்கு முதிர்ந்த கட்டியை நெருப்பில் வாட்டினால், கொழுப்பு தனியே பிரிந்து ஒழுகும், புரதம் சுருங்கி இறுகும். சிட்ரேட், பாஸ்பேட் போன்ற உப்புகளைச் சேர்த்துச் சூடாக்கிக் கலந்தால், கொழுப்பும் புரதமும் நீரும் பிரியாமல் ஒன்றாகவே குழையும். சுவிட்சர்லாந்தில் 1911-இல் இவ்வழி கண்டறியப்பட்டது. அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் என்பவர் கட்டியைச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு 1916-இல் காப்புரிமை பெற்று, அதனைப் பெருந்தொழிலாக்கினார். வெப்ப நாட்டில் கெடாமல் நெடுநாள் நிற்பதும், வாட்டும்போது சீராக உருகுவதும் இவ்வகைக் கட்டியின் சிறப்புகள். மும்பை நடைபாதைக்கு இது பொருந்தியதில் வியப்பில்லை.

ஆனால் நடைபாதைக் கடைக்காரர் கையில் இருப்பது அமெரிக்கக் கட்டியன்று. குஜராத்தின் அமுல் கட்டியே பெரும்பாலான கடைகளில் துருவப்படுகிறது. அதன் தாயகத்தைக் காண விரும்பினால், மும்பையிலிருந்து அகமதாபாத் செல்லும் இரயிலில் ஏறி, சூரத்தையும் வடோதராவையும் கடந்து, சுமார் 430 கிலோமீட்டர் சென்று ஆனந்த் நிலையத்தில் இறங்கவேண்டும். சுற்றிலும் புகையிலை வயல்களும் வாழைத் தோட்டங்களும். மாலை மங்கும் வேளையில் அங்குள்ள சிற்றூர் ஒன்றுக்குச் சென்றால், பாத்திரம் ஏந்திய பெண்கள் வரிசையாக நிற்கும் காட்சி கண்ணில் படும். ஒருத்தியின் பாத்திரத்தில் இரண்டு லிட்டர், மற்றொருத்தியினதில் ஐந்து. ஒவ்வொருவர் பாலும் அளக்கப்பட்டு, கொழுப்பு எவ்வளவு என்று சோதிக்கப்பட்டு, அதற்கேற்ற விலை சீட்டில் பதியப்படுகிறது. உயர்ந்த சாதியார்க்கு ஒரு வரிசை, தாழ்த்தப்பட்டோர்க்கு ஒரு வரிசை என்பது கிடையாது. வந்த முறைப்படியே நிற்றல் வேண்டும்.

இந்நிலை தானாக வந்ததன்று. 1945-இல் பம்பாய் அரசு நகர மக்களுக்குப் பால் வழங்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. ஆனந்த் சுற்றுவட்டாரப் பாலைத் திரட்டும் உரிமை ஒரு தனியார் நிறுவனத்துக்கே கிடைத்தது. நகரத்தார் கொடுத்த விலைக்கும் உழவர் கைக்கு வந்த காசுக்கும் நடுவே இடைத்தரகர்கள் புகுந்துகொண்டனர். உழவர் சர்தார் வல்லபபாய் பட்டேலிடம் முறையிட்டனர். உங்கள் பாலை நீங்களே கூட்டுறவாக விற்பனை செய்யுங்கள் என்பது அவர் கூறிய வழி. 1946 சனவரியில் சமர்க்கா என்னும் சிற்றூரில் மொரார்ஜி தேசாய் முன்னிலையில் உழவர் கூடி உறுதி பூண்டனர். பதினைந்து நாள் ஒரு சொட்டுப் பாலும் அவர்கள் விற்கவில்லை. பம்பாயில் பால் வற்றியது. அரசு இறங்கி வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் திரிபுவன்தாஸ் பட்டேலின் தலைமையில் கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவாயிற்று. பிற்காலத்தில் ‘அமுல்’ என்று நாடறிந்த நிறுவனம் இதுவே.

இங்கே நம் தமிழகத்துக்கும் ஒரு பங்குண்டு. 1949-இல் ஆனந்துக்கு வேலைக்கு வந்து, விருப்பமின்றித் தங்கி, பின்னர் அவ்வூரையே தம் வாழ்வாக்கிக்கொண்ட வர்கீஸ் குரியன், கோழிக்கோட்டில் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை இலயோலாக் கல்லூரியில் 1940-இல் பட்டம் பெற்று, கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றவர். பால் வெள்ளத்தையே உண்டாக்கிய அப்பெருமகனுக்குப் பால் குடிப்பது பிடிக்காது என்பது சுவையான செய்தி! அவருடைய துணைவரான தலாயா, எருமைப் பாலைத் தூளாக்க இயலாது என்று மேலைநாட்டு வல்லுநர் கைவிரித்ததைப் பொய்யாக்கினார். அதற்கான ஆலையை 1955 அக்டோபர் 31-இல் நேரு திறந்துவைத்தார். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எருமைப் பாலிலிருந்து பாலாடைக்கட்டியைப் பேரளவில் செய்யும் பிரிவும் அங்கே எழுந்தது. பசும்பாலினும் கொழுப்பும் சுண்ணச் சத்தும் மிகுந்த எருமைப் பாலில் கட்டி செய்வது கடினம். அக்கடினத்தையும் அவர்கள் வென்றனர்.

இன்று குஜராத்தில் சுமார் 36 இலட்சம் பால் உற்பத்தியாளர் இக்கூட்டுறவில் உறுப்பினர். அவர்களுள் மிகப் பலர் ஓரிரண்டு மாடுகளே வைத்திருப்போர். நடைபாதையில் நாம் உண்ணும் துருவலுக்குள், மாலையில் பாத்திரம் ஏந்தி நின்ற அப்பெண்ணின் உழைப்பும் அதற்குரிய விலையும் இருக்கின்றன.

மன்றத்திலும் மனையிலும்

மும்பையில் செல்வர் உண்ணும் வகையும் ஒன்றுண்டு. வில்லிங்டன் விளையாட்டு மன்றத்தில் கேஜ்ரிவால் என்னும் வணிகர் உறுப்பினராக இருந்தார். முட்டை விலக்கிய குடும்பத்தில் பிறந்த அவர், வாட்டிய ரொட்டியில் பாலாடைக்கட்டியும் பச்சை மிளகாயும் பரப்பி, அதன்மேல் முட்டையைப் பொரித்து வைக்கச் சொல்லி மன்றத்தில் உண்பாராம். அவர் பெயராலேயே அவ்வுணவு இன்று உலகின் பல நகரங்களில் விற்கப்படுகிறது. ஆயினும் அம்மன்றத்துக்குள் நுழைய உறுப்பினரின் துணை வேண்டும். நடைபாதை மேசைக்கு அது வேண்டியதில்லை.

இல்லங்களில் செய்யும் வகையே எமக்கு மிகவும் பிடித்தது. செம்பூரில் வாழும் எம் அத்தை திருநெல்வேலியிலிருந்து கொண்டுசென்ற பழைய தோசைக்கல்லிலேயே இதனைச் செய்வார். ரொட்டியின் புறத்தே வெண்ணெய் தடவிக் கல்லில் இட்டு, நீர் நிறைத்த பாத்திரமொன்றை மேலே பாரமாக வைப்பார். உள்ளே துவையலுக்குப் பதிலாகச் சில நாள் இட்லி மிளகாய்ப் பொடி. “ஐயா, தீயைக் குறைச்சு வை. அவசரப்பட்டா ரொட்டி கருகும், சீஸ் உருகாது” என்பது அவர் கூறும் ஒரே விதி. அவ்விதி முற்றிலும் உண்மை. மெல்லிய தீயில்தான் மேற்புறம் சிவப்பதும் உட்புறம் உருகுவதும் ஒருங்கே நிகழும். காய்களின் ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டால் ரொட்டி நமுத்துப் போகாது. பதப்படுத்திய கட்டியில் உப்பு மிகுதியாதலால், இரத்த அழுத்தம் உள்ளோர் அளவோடு உண்பது நன்று.

இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. ஆனந்தின் பால்காரிக்குச் சங்கம் காவலாக நிற்கிறது. அவள் தந்த பாலின் கட்டியை வாட்டிக் கொடுக்கும் நடைபாதைக் கடைக்காரருக்கு அத்தகைய காவல் வலுவாக இல்லை. உத்தரப் பிரதேசம் போன்ற தொலைதூர மாநிலங்களிலிருந்து குடும்பத்தை விட்டு வந்தவர் அவர்களுள் பலர். தெரு வணிகர் வாழ்வுரிமையைக் காக்க 2014-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆயினும் நகராட்சி வண்டி வருகிறது என்ற குரல் கேட்டதும் மேசையைத் தூக்கிக்கொண்டு ஓடும் காட்சி மும்பையில் மறைந்துவிடவில்லை. நடந்து செல்வோர்க்கு வழி வேண்டும் என்பது நியாயமே. உழைத்து உண்பவனுக்கு நிற்க ஓரிடம் வேண்டும் என்பதும் நியாயமே. இவ்விரண்டையும் இணைத்துத் தீர்வு காணவே அச்சட்டம் பிறந்தது.

மும்பை செல்லும் வாசகக் குடும்பங்கள் அடுக்குமாடி உணவகங்களைத் தேடுமுன் இக்கடை ஒன்றின் அருகே சற்று நின்று உண்டு பார்க்கட்டும். பேரம் பேசாது விலையைக் கொடுக்கட்டும். உடன் நிற்கும் பிள்ளைகளுக்கு, ஆனந்த் உழவர் பதினைந்து நாள் பாலை விற்காமல் பொறுத்திருந்த கதையையும் சொல்லட்டும்.