அப்பாவின் இரவு மாத்திரை

போன வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவின் மருந்து டப்பாவைத் திறந்து பார்த்தேன். காலையில் போடும் பிரஷர் மாத்திரை கணக்காகத் தீர்ந்திருந்தது. இரவு போடவேண்டிய அட்டார்வாஸ்டாட்டின் அட்டை பிரிக்காமலே கிடந்தது.

"கொலஸ்ட்ரால் நார்மல்னு ரிப்போர்ட் வந்துருச்சேம்மா. அப்புறம் எதுக்கு?"

நார்மல் ஆனதே அந்த மாத்திரையால்தான், நிறுத்தினால் சில வாரங்களில் மறுபடி ஏறிவிடும் என்றேன். 2003-ல் வெளியான ஆஸ்காட் ஆய்வைப் பற்றியும் சொன்னேன். ரத்த அழுத்தம் உள்ள, ஆனால் கொலஸ்ட்ரால் பெரிதாக ஏறாத 10,305 பேர். பாதிப் பேருக்கு தினம் 10 மில்லிகிராம் அட்டார்வாஸ்டாட்டின், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 5 வருடம் நடத்த நினைத்ததை 3 வருடம் தாண்டியதுமே நிறுத்திவிட்டார்கள். மருந்து எடுத்தவர்களிடம் அதற்குள்ளேயே மாரடைப்பு 36 சதவீதம் குறைந்திருந்தது. பிரஷரும் கொழுப்பும் ஒரே ரத்தக்குழாயைத்தானே அரிக்கின்றன!

"அப்போ இதுவே பிரஷரையும் குறைக்குமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. சில ஆய்வுகளில் மேல் அளவு சுமார் 2 புள்ளி குறைந்தது. சிலவற்றில் அதுவும் இல்லை. அதை நம்பி பிரஷர் மாத்திரையை விடமுடியாது.

வெகுநேரம் கழித்துத்தான் உண்மையைச் சொன்னார். "அந்த மாத்திரை போட்டா கெண்டைக்கால் வலிக்குதும்மா. டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாரோன்னு…"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அளவைக் குறைக்கலாம், அதே வகையில் வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், வழியா இல்லை? சனிக்கிழமை நானே கூட்டிப்போகிறேன்.