வெள்ளி கழிந்த மறுநாள்

சனிக்கிழமை வீடு வீடாகப் போய்க் கேட்டால், யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பிள்ளைகளுக்கு மீனே கிடைப்பதில்லை என்றுதான் கணக்கு வரும். முதல்நாள் வெள்ளி. சைவ வீடுகளில் மச்சம் அடுப்பேறாது.

"நேற்று விடிஞ்சதில இருந்து படுக்கிறவரைக்கும் பிள்ளைக்கு என்ன குடுத்தனீங்கள்?" இவ்வளவுதான் கேள்வி. தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பு வகை, பாற்பொருள், மீன் இறைச்சி, முட்டை, கீரையும் மஞ்சள் பழங்களும், மற்ற மரக்கறி பழங்கள் என்ற எட்டில், 6 முதல் 23 மாதப் பிள்ளைக்கு ஐந்து வகையாவது சேரவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒருநாள் பதில் ஊரின் நிலையைச் சொல்லும், அதுவும் கிழமையின் எல்லா நாளும் பரவிக் கேட்டால். தனிப் பிள்ளையை அதைக்கொண்டு எடைபோடக்கூடாது.

கரவெட்டியில் ஒரு குசினி நினைவுக்கு வருகிறது. "மீன் குடுத்தனான் மிஸ்ஸி" என்றாள் தாய். கோப்பையில் சொதிவிட்டுக் குழைத்த சோறு. முள்ளுக்குப் பயந்து ஒரு நுள்ளுச் சதைகூடப் போடவில்லை. பொய் சொல்லவில்லை அவள். மீன் போட்ட சொதிதான். ஆனால் சொதித் தண்ணியை மீன் என்று எழுத முடியாது.

கேட்கவே முடியாத காலமும் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து வலிகாமமே தென்மராட்சிக்குப் பெயர்ந்தது. அதன்பின் ஒரே பானைக் கஞ்சி; யார் எவ்வளவு குடித்தது என்று எந்தத் தாயைக் கேட்பது? தராசும் புயத்தைச் சுற்றிய நாடாவும்தான் உண்மையைச் சொல்லின.

யார் எவ்வளவு தின்றது என்ற அதே கேள்வி திரிபோஷாவிலும் உண்டு. 1973 முதல் அரசாங்கம் கொடுத்துவருகிற சத்துமா அது. சோளம், சோயா, பால்மா. ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 50 கிராம் என்றால் 750 கிராம் பைக்கற்று பதினைந்து நாள் வரவேண்டும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்தால் எத்தனை நாள் வரும்? பதிவேட்டில் "கொடுக்கப்பட்டது" என்றிருக்கும். ஆருடைய வாய்க்குப் போனது என்றிராது. 2022இல் சோளத் தட்டுப்பாட்டில் அந்த மாவும் தடைப்பட்டபோது, இளைத்த பிள்ளையின் தாயைத்தான் முதலில் ஏசினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெள்ளிக்கிழமைக் கோப்பையிலும் பயறும் முருங்கையிலை வறையும் இருக்கும். கேட்டால்தான் சொல்வார்கள், வறையை ஒரு சாப்பாடாகவே நினைப்பதில்லை.

கணக்கெடுக்க வருகிற பிள்ளைகளே, படிவத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் கோப்பையைப் பாருங்கோ. தாய் தோட்ட வேலைக்குப் போன வீட்டில் ஊட்டுகிற அம்மம்மாவைக் கேளுங்கோ. "இல்லை" என்று சொல்லத் தாய் வெட்கப்படாதபடி கேளுங்கோ.