டொங்காரிரோ வரைக்கும் போனோம்



நியூசிலாந்து போய் வந்ததிலிருந்து ஆளாளுக்குக் கேட்கிறீங்க, "மலை ஏறியாச்சா? படம் எங்கே?" என்று. பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறோம். ஏறவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லணும், பொறுத்துக்கோங்க.

பந்தல் அண்ணனைப் பழையவங்களுக்குத் தெரியும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதையில் நம்ம தண்ணீர்ப் பந்தலை இருபது வருஷத்துக்கு மேல் நடத்தியவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களையெல்லாம் தூங்க விடாமல் செரோக் தோக்குன் மலைக்கு இழுத்துக்கொண்டு போனவரும் அவர்தான். அவருக்கு ஒரே ஆசை, டொங்காரிரோ. நியூசிலாந்து வடதீவின் நடுவில் இருக்கிற எரிமலை. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் சுமார் 20 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேர நடை. உச்சகட்ட இடமான ரெட் கிரேட்டர் 1,886 மீட்டர். அதைத் தாண்டி இறங்கினால் பச்சைப் பசேலென்று மூன்று குளங்கள். எங்கேயோ டிவியில் பார்த்துவிட்டு வந்து, "மரகதம்டா, அப்படியே மரகதம்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார்.

2017ல் கூட்டு ஆரம்பிச்சோம், மாசம் முந்நூறு வெள்ளி. ஹோட்டல் வேண்டாம், மோட்டார்ஹோம் எடுக்கலாம் என்பதும் அண்ணன் யோசனைதான். சொந்தமாக அடுப்பு இல்லாத இடத்தில் அவரால் ஒரு நாள் தங்க முடியாது. 2020 ஏப்ரலுக்கு டிக்கெட் போட்டோம். மார்ச் 18ல் இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, மறுநாளே நியூசிலாந்து எல்லையை மூடிட்டாங்க. 2021ல் கோவிட் அண்ணனையே கொண்டு போயிடுச்சு. முகத்தைக்கூட யாரும் சரியாகப் பார்க்கலை. அந்த நாட்களை இங்கே மறுபடி எழுத வேண்டாம்.

போன வருஷத் திவசம் முடிஞ்சு இலை எடுக்கும்போது அண்ணி சொன்னாங்க: "அந்தக் கூட்டுக் காசு அப்படியேதானே இருக்கு? போகலாம்."

"அங்கே போய் என்ன செய்யணும் அண்ணி?"

"ஒண்ணும் செய்ய வேணாம். அந்தத் தண்ணி நெசமாவே பச்சையா இருக்கான்னு பார்க்கணும். இருபது தடவ சொல்லியிருக்கார், நான் ஒரு தடவ கூட நம்பல."

நோன்புப் பெருநாளுக்கு ஆலை மூடுகிற நாட்களோடு மிச்ச லீவையும் சேர்த்துப் போட்டோம். பங்குனி உத்திரத்துக்குள் திரும்பிடணும், மடப்பள்ளிக்கு ஆள் இல்லை. நாங்க புருஷன் பெண்சாதி ரெண்டு பேர், அண்ணி ஒருத்தர். அண்ணன் 2019ல் வாங்கி, ஒரு நாள்கூடப் போடாத மலையேறும் பூட்ஸை அண்ணி பெட்டியோடு கொண்டுவந்து எங்கள் வீட்டில் கொடுத்தாங்க. எங்களில் ஒருவருக்கும் அண்ணனுக்கும் ஒரே அளவு, எட்டு.

போகிறவங்களுக்கு ஒரு தகவல். நியூசிலாந்துக்குத் தேன் கொண்டுபோகக் கூடாது, தேன் கலந்ததும் கூடாது. அதனால் பஞ்சாமிர்தத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனோம். சாப்பாட்டுச் சாமான் எதுவாக இருந்தாலும் படிவத்தில் எழுதிடுங்க, மறைத்தால் 400 டாலர் அபராதம். மசாலாத்தூள், அப்பளம் எல்லாம் எழுதிக் காட்டினோம், பார்த்துவிட்டு விட்டுட்டாங்க. மலைக்குப் போகிற பூட்ஸையும் வாங்கி அடிப்பாகத்தில் மண் இருக்கா என்று பார்க்கிறாங்க. அந்த அதிகாரி பூட்ஸைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிராண்ட் நியூ" என்று சிரித்தார். அண்ணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாங்க.

மோட்டார்ஹோம் ஓட்டுவது பயந்த அளவுக்கு இல்லை. அங்கேயும் நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான். ஆனால் ஒரு வீட்டையே இழுத்துக்கொண்டு போகிறோம் என்பது ஒவ்வொரு வளைவிலும் காதில் கேட்கும், தட்டு கரண்டி எல்லாம் கச்சேரி வைக்கும். கழிவறைப் பெட்டியை நாமேதான் கழற்றிக்கொண்டு போய் அதற்கென்று இருக்கிற குழியில் கொட்டிக் கழுவணும். கோயில் கழிவறை கழுவிப் பழகினவங்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை.

ஆக்லாந்திலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, நேஷனல் பார்க் என்றே பெயர் வைத்திருக்கிற சின்ன ஊரில் தங்கினோம். நடை ஆரம்பிக்கிற இடத்தில் வண்டியை நாள் முழுக்க நிறுத்த முடியாது. முன்பதிவு செய்து வேனில்தான் போகணும், இறங்குகிற பக்கத்திலும் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். முதல் நாள் சாயங்காலமே வேன் கம்பெனியிலிருந்து செய்தி: நாளைக்கு மேலே காற்று பலம், வேன் கிடையாது, மறுநாள் பார்க்கலாம்.

அன்றைக்கு ராத்திரி வண்டி ஆடின ஆட்டம் இருக்கே! தேர் நிலையிலிருந்து கிளம்பும்போது மேலே உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் தெரியும், அப்படி ஒரு ஆட்டம். மறுநாள் முழுக்க மழை. மலை எந்தப் பக்கம் இருக்கு என்றுகூடத் தெரியவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து ரசம் வைத்துக் குடித்துக்கொண்டு, அந்த மலையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தோம்.

நம்ம ஆளுங்க கேட்டால் சந்தோஷப்படுவீங்க. அங்கத்து மவோரி மக்களுக்கு மலைதான் முன்னோர். பிஹாங்கா என்கிற மலைப்பெண்ணுக்காக டொங்காரிரோவும் தாரனாக்கியும் சண்டை போட்டார்களாம். தோற்ற தாரனாக்கி கோபித்துக்கொண்டு மேற்கே போய்க் கடலோரம் தனியாக நின்றுகொண்டதாம். "நம்ம பழநி ஆண்டவர் கதைதான், மாம்பழம் மட்டும் இல்ல" என்றாங்க அண்ணி. 1887ல் அவர்களின் தலைவர் டே ஹியூஹியூ டுக்கினோ, சிகரங்கள் துண்டு துண்டாக விலைபோகக் கூடாதென்று அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். இன்றைக்கும் சிகரங்களின் உச்சியில் ஏறாதீங்க, குளத்துத் தண்ணீரைத் தொடாதீங்க என்றுதான் கேட்டுக்கொள்கிறாங்க. கருவறை வாசலில் நிற்கிற மாதிரி நின்று பார்த்துவிட்டு வரணும்.

மறுநாள் விடியக்காலை ஐந்துக்கு எழுந்து, குளித்து, திருநீறு பூசி, சப்பாத்தி மடித்துத் தயாராக உட்கார்ந்தோம். செய்தி வந்தது. இன்றைக்கும் இல்லை.

அண்ணி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசலை. அப்புறம் சப்பாத்தியைப் பிரித்து ஆளுக்கு ரெண்டு வைத்தாங்க.

மத்தியானம் மழை விட்டதும் அடிவாரத்தில் தாரனாக்கி அருவிக்குப் போய்வரலாம் என்று கிளம்பினோம். ரெண்டு மணி நேர நடை, இருபது மீட்டர் அருவி. பாதி வழியில் அண்ணன் பூட்ஸின் இடது அடிப்பாகம் வாய் பிளந்தது, பத்து நிமிஷத்தில் வலதும். அந்த நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரை, ஆலையில் நாங்க தினமும் பார்க்கிற சாமான். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்திலேயே உள்ளுக்குள் உளுத்துவிடும், நம்ம ஊர் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். வெளியே பார்த்தால் புதுசாகவே இருக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு ஜோடி இருந்தால் மலைக்குப் போகுமுன் கையால் நல்லா வளைத்துப் பாருங்க. ஒட்டுநாடா சுற்றிக்கொண்டு எப்படியோ அருவி வரை போய்த் திரும்பினோம்.

இதைக் கேட்டவங்க எல்லாரும் ஒரே பதில்தான் சொல்றீங்க: "பார்த்தீங்களா, உச்சியில் போய்ப் பிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? முருகன்தான் தடுத்தான்." அன்பில் சொல்றீங்க, புரியுது. எங்களுக்கும் முதலில் அதுதான் வாயில் வந்தது. வண்டியில் வைத்து அண்ணியிடம் சொல்லியும்விட்டோம். அண்ணி சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: "அப்போ அவர 2021ல கூட்டிட்டுப் போனதுக்கும் ஒரு நல்ல காரணம் சொல்லுவீங்களா? வேணாம். காத்து அடிச்சுது, போக முடியல. எனக்கு வருத்தமா இருக்கு. அவ்வளவுதான். முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அதுக்கப்புறம் நாங்க யாரும் அந்தப் பேச்சை எடுக்கலை. கோயிலில் அண்ணியைப் பார்த்தால் நீங்களும் எடுக்க வேண்டாம் என்பதற்காகவும்தான் இதை எழுதுகிறோம். "வருத்தம்தான் அண்ணி" என்று சொன்னால் போதும்.

மூணாம் நாள் வண்டியைத் திருப்பிக் கொடுக்கணும், ராத்திரி விமானம். விடிந்தால் வானத்தில் ஒரு மேகம் இல்லை. ங்காவுருஹோய் சிகரம் கோபுரம் மாதிரி நிற்குது, உச்சியில் புதுப் பனி. வேன்கள் வரிசையாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அண்ணி சாலையோரம் நிறுத்தச் சொல்லி இறங்கி, கும்பிட்டுவிட்டு, பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றாங்க. பூட்ஸை என்ன செய்ய என்று கேட்டோம். "கழுவி எடுத்துக்குங்க. சோல் மாத்தித் தர்ற கடை ஜார்ஜ்டவுன்ல இருக்காதா?" என்றாங்க. இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம், தெரிந்தவங்க சொல்லுங்க.

வேன் கம்பெனி மூணு பேர் பணத்தையும் முழுசாகத் திருப்பி அனுப்பிட்டாங்க, நானூற்றுச் சொச்சம் வெள்ளி. அண்ணி அதைச் சித்ரா பௌர்ணமி மோர்ப் பந்தலுக்குத் தயிர் வாங்கக் கொடுத்திருக்காங்க. மோர் கலக்க ஆறு பேர் வேணும், இதுவரை நாலு பேர்தான் பெயர் கொடுத்திருக்கீங்க. காலை ஐந்தரைக்கு மடப்பள்ளிப் பக்கம் வந்திடுங்க.